சட்டம் கேட்ட வீடு

மாதா சுருவத்தை, அந்தச் சிறிய சிலையை, வாங்கப் பேர்பெச்சுவா நீட்டிய கையை மாமியார் யோசப்பின் தட்டிவிட்டாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த சனம் அதைக் காணாத மாதிரிக் குனிந்துகொண்டது.

வைகாசி மாதம் முழுவதும் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்குச் சுருவம் முறைவைத்துப் போகும். வீட்டுப் பெண்தான் அதைக் கையேந்தி வாங்க வேண்டும். இந்த வீட்டுப் பெண் பேர்பெச்சுவா. ஆனால் ஆறாம் மாதத்தில் அவளுடைய வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. முதியோர் இல்லத்துச் சலவை வேலைக்கு ஓடி ஓடியே பிள்ளையைத் தின்றவள் என்று யோசப்பின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இன்று செபம் தொடங்குமுன் பேர்பெச்சுவா எல்லோர் முன்னும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. அதுவரை சுருவத்தைத் தொடக் கூடாது.

கொடுமை என்னவென்றால், பிள்ளை போன அன்று காலை அவள் கேட்டதே வேலையை விடத்தான். இடுப்பு விட்டுப்போகிறது, இனி முடியாது என்றாள். கணவன் ஜெசிந்தன் பிடித்துத் தள்ளினான். குசினி மேசையின் விளிம்பு அடிவயிற்றில் இடித்தது. வீட்டில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். குடும்ப மானத்தைக் காப்பாற்றினாளாம். அந்த மானம்தான் இப்போது அவளை முழங்காலில் நிற்கச் சொல்கிறது.

செபக்கூட்டத்தை நடத்தும் கிறிஸ்தோப்பர், தேநீரை உறிஞ்சியபடி அமெரிக்காவில் வந்திருக்கும் புதுச் சட்டம் பற்றிய செய்தியை விளக்கினார். வயிற்றிலிருக்கும் பிள்ளையைக் கொன்றாலும் கொலைதானாம். ஜேர்மனியிலும் அப்படி ஒன்று வந்தால்தான் எங்கள் பெண்டுகள் அடங்குவார்களாம். அந்தச் சட்டம் தாயைத் தொடாது என்பதும் அதே செய்தியில்தான் இருந்தது. மனிதர் அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டார். பிள்ளையை இழந்த தகப்பன் என்று ஆளாளுக்கு ஜெசிந்தனின் தோளைத் தட்டினார்கள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"முழங்காலில நில், பிள்ளை," என்றாள் யோசப்பின்.

பேர்பெச்சுவா நின்றபடியே நின்றாள். "கிறிஸ்தோப்பர் அண்ணை, அந்தச் சட்டம் இஞ்சையும் வரவேணும் எண்டுறியளோ?"

"ஓம், கட்டாயம் வரவேணும்."

"அப்ப கேளுங்கோ. நான் வழுக்கி விழேல்லை. இவர்தான் என்னைத் தள்ளினவர்."

ஜெசிந்தன் நிலத்தைப் பார்த்தான். யோசப்பின்தான் முந்திக்கொண்டாள்.

"ஆம்பிளை கோவத்தில ஒருக்காத் தள்ளினதைப் போய்க் கொலை எண்டுறதே?"

"நான் வேலைக்குப் போனது மட்டும் கொலையோ, மாமி?"

பேர்பெச்சுவா தொலைபேசியை எடுத்தாள். கிறிஸ்தோப்பர் கோப்பையை வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். சற்று முன்பு முழங்கிய குரல் இப்போது கெஞ்சியது.

"பிள்ளை, இது குடும்ப விசயம். இதுக்குள்ள சட்டத்தைக் கொண்டுவராதை."

அவள் பொலிஸின் இலக்கத்தை அழுத்தி முடித்திருந்தாள். பொலிஸ்காரி கேட்கக் கேட்க, தன்னுடைய நீண்ட பெயரை ஜேர்மன் மொழியில் எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.