விளக்கு வைக்கிற நேரம்

“கொஹேத ரிதென்னே?” என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் கேட்டார். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் அம்மா என் பக்கம் திரும்பி, “எங்கடி வலிக்குது? தொட்டுக் காட்டு” என்றாள். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டி நின்றது. எங்கே தொடுவது என்று தெரியவில்லை. கடைசியில் வயிற்றைத் தொட்டேன். வயிற்றுக்கு மருந்து தந்தார்கள்.

மருந்து முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சந்தேகம் இல்லை, இது சோம்பல்தான்.

சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. ஒரு காலையில் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பஸ் போய்விட்டது, மறுநாளும் அப்படியே. பிறகு அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். சொன்ன அளவு பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். எனக்கு எப்போதும் அரைப்பேர். தராசடியில் கங்காணி என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன மல்லிகா, மக காத்தப் பறிச்சுக்கிட்டு வந்திருக்கா?” என்பார். அம்மா சிரிப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னோடு பேசமாட்டாள். மலைக்குப் போவதும் நின்றது. கலவானைப் பக்கத்து மழை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, நானும் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

பகலில் எப்படிக் கிடந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. மாலையில்தான் வினை. காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் கரண்ட் இருக்கிறது. ஆனாலும் இருட்டும் நேரத்தில் சாமிப் படத்துக்கு எண்ணெய் விளக்கு ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்பைப் போடலாம். ஏற்றும்போது வீட்டில் யாரும் படுத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையைக்கூடத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

“எந்திரி. வெளக்கு வைக்கிற நேரம்.”

எழுந்திருக்க முயல்வேன். அதற்குள் அம்மாவின் கை என் தோளைப் பிடித்துவிடும். தூக்கி உட்காரவைத்து, சுவரில் சாய்த்துவிட்டு, அதன்பிறகு தீக்குச்சியைக் கிழிப்பாள்.

“அன்னலட்சுமி வீடு மாதிரி இருட்டடிச்சுக் கெடக்கணுமா? வெளக்கு வைக்காமத்தான் அவ மகளுக்குப் பேய் புடிச்சுச்சு.”

அன்னலட்சுமி எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவர். செத்துப்போய்விட்டார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட மகள் விஜயகலா அக்கா பிறகு எழுந்து, படித்து, கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார். அம்மா அந்தக் கதையை இந்த இடத்துக்கு வருமுன்பே நிறுத்திக்கொள்வாள்.

யாராவது என்னைச் சுகப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அப்போது நான் நினைக்கவில்லை. இது சோம்பல் இல்லை என்று அம்மா ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. எதைத் தொட்டுக் காட்டுவது?

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். விஜயகலா அக்கா தான் படுத்துக் கிடந்த காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தாராம். அதைத்தான் படமாக்குகிறார்கள். அக்காவும் கூட வந்திருந்தார். டைரக்டர் கஜேந்திரன் கொழும்புக்காரர். அக்காவாக நடித்த ஷாமிளாவும் கொழும்புதான்.

முதல் நாள் ஷாமிளா மழையில் தேயிலைக்கு நடுவே ஓடி, ஒரு செடியைக் கட்டிப்பிடித்து அழுதார். லயமே ரோட்டில் நின்று பார்த்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விஜயகலா அக்கா குடைக்குள் நின்று, “கஜன், நான் அப்பிடி ஓடவே இல்ல” என்றார். “கக்கூசுக்குப் போறதுக்கே எனக்கு அரைநாள் ஆகும். அழுகையும் வரல.”

“அதக் காட்டினா பாக்கிறவங்க தூங்கிருவாங்க அக்கா.”

“தூங்கட்டும். எனக்குத்தான் தூக்கம் வரல.”

டைரக்டர் சிரித்துவிட்டு, மறுபடியும் ஷாமிளாவை ஓடச் சொன்னார்.

ஓடியதில் ஷாமிளாவின் காலெல்லாம் அட்டை. கடித்த இடங்கள் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. இரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். படுத்திருக்கும் காட்சிதான் அடுத்தது, முதுகு மட்டும்தான் தெரியும், அதே உயரத்தில் யாராவது பிள்ளை வேண்டும் என்று கேட்டார்கள்.

பக்கத்துக் காம்பரா சுப்பம்மாக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார். “படுக்கிறதுக்கா ஆள் தேடுறீங்க? எங்க லயத்துல அதுக்குன்னே ஒருத்தி இருக்காளே. டிரெய்னிங் எல்லாம் முடிஞ்சுருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். தராசடியில் சிரிப்பது போலவே அம்மாவும் சிரித்தாள்.

டைரக்டர் என் முதுகைப் பார்த்தார், சரி என்றார். அம்மாவின் கைகளையும் பார்த்தார். கொழுந்துச் சாறு ஏறி விரல் வெடிப்புகள் கறுத்திருந்தன. “இந்தக் கைதான் வேணும்” என்றார். மகள் படுத்திருக்க, தாய் விளக்கேற்ற வேண்டும். இரண்டு பேர் முகமும் தெரியாது.

காட்சியை அன்னலட்சுமியின் பழைய காம்பராவிலேயே எடுத்தார்கள். யாரும் குடியில்லாமல் ஈரம் ஏறிய சுவர். சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். பழகிய வேலை.

“ஆக்‌ஷன்” என்றார்கள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

“எந்திரிடி லோஜினி, வெளக்கு வைக்கப் போறேன்” என்றாள் அம்மா.

கேமராவுக்குப் பின்னால் சிரித்தார்கள். பேசக் கூடாது என்று டைரக்டர் பொறுமையாகச் சொன்னார். மறுபடி எடுத்தபோது அம்மா பேசவில்லை. ஆனால் அவள் கை தானாக வந்து என் காலைத் தட்டியது. பிறகு ஒருமுறை குச்சி எரிந்து விரலைச் சுட்டுவிட்டது, திரி அப்படியே இருந்தது.

“என்னால முடியல சார்” என்றாள் அம்மா. “புள்ள படுத்துக் கெடக்கையில எப்பிடி வைக்கிறது? படத்துக்குன்னாலும் வெளக்கு வெளக்குதானே.”

“அம்மா, மகள் இருட்டில கிடக்கிறா. நீங்க வெளிச்சம் கொண்டு வாறீங்க. பாக்கிற சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேணுமில்லையா?”

“கஜன், புஸ்தகத்துல அப்பிடி இல்ல” என்றார் விஜயகலா அக்கா. வாசலிலிருந்து குரல் வந்தது. “எங்கம்மா வெளக்கு வைக்கல. வைக்கணும்னா என்னய எழுப்பணும். எழுப்ப மனசில்லாமத்தான் வைக்கல. அந்த மழைக்காலம் பூரா இந்தக் காம்பரா இருட்டு. லயமே பேசுச்சு. அம்மா யாருக்கும் ஒண்ணும் சொல்லல.”

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“நாங்கதான் பேசினோம் விஜயா” என்றாள் அம்மா.

“தெரியும்க்கா.”

சரி, ஏற்ற வேண்டாம், தீப்பெட்டியோடு சும்மா உட்காருங்கள், அதையும் எடுத்துப் பார்ப்போம் என்றார் டைரக்டர். பெரிய விளக்குகளை அணைத்தார்கள். அம்மா எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தீப்பெட்டிக்குள் குச்சிகள் லேசாக உருண்ட சத்தம் கேட்டது.

“கட்.”

காலடிச் சத்தங்கள் கேட்டன. வயர்களைச் சுருட்டினார்கள். “எழும்பலாம் தங்கச்சி” என்றார் யாரோ. கேட்டது. எழும்ப வேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்தது கைகால் வரைக்கும் போகவில்லை.

“படம் முடிஞ்சும் நடிக்கிறாளே!” என்றார் சுப்பம்மாக்கா. மறுபடி சிரிப்பு.

விஜயகலா அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார். என்னைத் தொடவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, “மல்லிகாக்கா, வீட்லயும் இப்பிடியா?” என்றார்.

“சோம்பேறிக் கழுத அது, விஜயா...” என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டாள்.

“ரெண்டு கையையும் தொடைக்கு நடுவுல வச்சிருக்கா, பாருங்க. நானும் இப்பிடித்தான் வச்சிருப்பேன். குளிருக்கு இல்ல, எதுக்குன்னு எனக்கே தெரியாது. அத நான் புஸ்தகத்துல எழுதல. ஷாமிளாவுக்கும் சொல்லிக் குடுக்கல. இவளுக்கு யாரு சொன்னது?”

அம்மா என் பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டாள்.

“இரத்தினபுரியில இதுக்குப் பாக்கிற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கி வரைக்கும் நான் தோட்டத்துப் பங்களாப் பக்கந்தான் இருப்பேன். சொன்னீங்கன்னா கூட்டிட்டுப் போறேன்.”

இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அம்மா முன்னால் நடந்தாள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் ஏற்கெனவே கடந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் சுப்பம்மாக்கா செய்தி கொண்டுவந்தார். நாங்கள் நடித்தது ஒரே இருட்டாக இருக்கிறதாம், ஒன்றுமே தெரியவில்லையாம். கொழும்பில் செட் போட்டு, ஷாமிளாவைப் படுக்கவைத்து, வேறு யாரோ விளக்கேற்றுவது போல எடுக்கப்போகிறார்களாம். “ஒன் நடிப்பு வீணாப் போச்சேடி” என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மாலையில் மழை வலுத்தது. அம்மா மலையிலிருந்து வந்து கால் கழுவி, முகம் கழுவினாள். லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக விளக்கு வைக்கும் சத்தம் கேட்டது, யாரோ மணி ஆட்டினார்கள், யாரோ பிள்ளையை உட்காரச் சொல்லி அதட்டினார்கள். அம்மா தீப்பெட்டியை எடுத்தாள்.

நான் அவளுடைய கைக்காகக் காத்திருந்தேன். அதற்கு முன்னால் நானாகவே எழுந்துவிட வேண்டும் என்று முழங்கையை ஊன்றினேன். பாதியில் அது மடங்கிவிட்டது. மறுபடி சுவர்.

கை வரவில்லை. குச்சி உரசும் சத்தமும் வரவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் நின்றபடி, என் முகத்தையல்ல, தொடைக்கு நடுவில் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மல்லிகா, ஒங்க வீடு மட்டும் இருட்டாக் கெடக்கு?” என்று சுப்பம்மாக்கா பக்கத்து வாசல் இஸ்தோப்பிலிருந்து கத்தினார். “வெளக்கு வைக்கலயா?”

அம்மா தீப்பெட்டியைப் படத்துக்குக் கீழே, எடுத்த இடத்திலேயே வைத்தாள். மலைக்குப் போட்டுப் போன சாக்குக் கொங்காணி இன்னும் ஈரமாகக் கதவில் தொங்கியது. அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சுப்பம்மாக்காவுக்குப் பதில் சொல்லாமல், மழைக்குள் இறங்கிப் பங்களா ரோட்டில் போனாள்.