நீமி வீட்டு நிலவறை ஜன்னல்

ராண்டி நீமி இறந்து ஐந்தாவது வாரம், அவன் வீட்டு நிலவறை ஜன்னலில் தினமும் காலையில் ஒரு புகைப்படம் உறைபனியாகப் படியத் தொடங்கியது. அந்த வாரம் கார்னெட் லேக் ஊரில் வீடு சூடாக்கும் புரோப்பேன் வாயுவின் விலை ஏறியிருந்தது. ஏரிப் பனி மேலே வண்டி ஓட்டும் அளவுக்கு இறுகியிருந்தது. லூத்தரன் சர்ச்சின் கொதிகலன் மறுபடியும் கெட்டுப்போயிருந்தது. அதனால் ஜன்னல் விஷயம் ஊருக்குள் பரவக் கொஞ்சம் தாமதமானது. முதல் படம் ஒரு காலி அட்டைப்பெட்டி. அடுத்தது அதே பெட்டியின் மறுபக்கம். மூன்றாம் நாள் நீமி வீட்டு நாய் வந்தது, செத்துப் பல வருடமான நாய், ஒரு காது மடங்கியபடி. ராண்டியின் மனைவி பெவ் அதைப் பார்த்த பிறகுதான் இது சாதாரணப் பனிக்கோலம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள்.

ராண்டி காகித ஆலையில் மின்பிரிவில் இருந்தவன். பணத்தை வங்கியிடம் கொடுத்தான், பல்லை மருத்துவரிடம் காட்டினான், புகைப்படத்தை மட்டும் எந்தக் கம்பெனியிடமும் கொடுக்க மாட்டேன் என்றான். ஒரு காலத்தில் கொடுத்துத்தான் வைத்திருந்தான். அந்தக் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனபோது, ஒரு கோடைகாலம் முழுக்க எடுத்த படங்கள் அதோடு போயின. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஆலையில் கழித்துக்கட்டிய கணினிகளைக் கொண்டுவந்து நிலவறையில் அடுக்கி, சொந்தமாக ஒரு சர்வர் கட்டினான். படம், கடிதம், டிவியில் ஓடும் சினிமா, வாசல் விளக்கு, எல்லாம் அதிலிருந்தே நடக்கும்படி செய்தான். பெவ் தன் போனில் ஒரு படம் எடுத்தால் அது தானாகக் கீழே போய்ச் சேரும். சேர்ந்ததும், இடத்தை அடைக்கக் கூடாதென்று, போனிலிருந்து அழிந்துவிடும். டிவி நின்றுபோனால் பெவ் நிலவறைப் படியின் உச்சியில் நின்று கத்துவாள், "ராண்டி, உன் டிவி செத்துப்போச்சு!" கீழேயிருந்து பதில் வரும், "ரெண்டே நிமிஷம்!" அந்த இரண்டு நிமிடத்துக்குள் அவள் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஹாட்டிஷ் அடுக்கி, ஓவனில் வேகவைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்த நாட்கள் உண்டு.

இந்தப் பைத்தியம் ராண்டிக்கு மட்டும் பிடித்ததில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பௌலிங் அரங்கத்தின் பின்னறையில் இப்படிப்பட்ட ஒரு கும்பல் கூடும். ஊரில் மற்றவர்கள் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லிப் பீற்றிக்கொள்வதுபோல, இவர்கள் தங்கள் மெஷின் எவ்வளவு காலமாக அணையாமல் ஓடுகிறது என்று பீற்றிக்கொள்வார்கள். ஒரு வழக்கம் மட்டும் அவர்களிடம் கறாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும். வீடு எரிந்தாலும் படம் பிழைக்கும். ராண்டியின் நகல் டிஸ்க் அவனுடைய நண்பன் ஸ்டான் பெர்கிச்சின் நிலவறையில் இருந்தது, ஸ்டானுடையது இங்கே. இரண்டு பேரும் சிறுவயதிலிருந்து ஒன்றாக மீன்பிடிக்கப் போனவர்கள், ஆனாலும் நகலைப் பூட்டித்தான் கொடுப்பார்கள், பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது. அப்படிக் கொடுப்பதுதான் அவர்களுக்குள் மரியாதை.

நவம்பரில், வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது, ராண்டியின் இதயம் நின்றது. அதே வாரக்கடைசியில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தன. சர்வர் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடிப் பார்த்துவிட்டு அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் விழித்துக்கொண்டு, பூட்டைத் திறக்கப் பாஸ்வேர்ட் கேட்டது. கேட்டுவிட்டுத் திரையில் ஒரு சின்னக் கோட்டைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

அடக்கம் முடிந்து, சர்ச்சில் ஹாம் பன்னும் காப்பியும் முடிந்து, ஸ்டான் நிலவறைக்கு வந்தான்.

"ஏதாவது பாஸ்வேர்ட் சொல்லியிருக்கானா, பெவ்?"

"சொல்லிட்டேதான் இருப்பான். நான் எங்க காதுல வாங்குனேன்?"

"பரவால்ல. எல்லா பாஸ்வேர்டையும் சேர்த்து ஒரே பெட்டகத்துல போட்டு வச்சிருப்பான். நாங்க எல்லாருமே அப்படித்தான். அதைத் திறந்தா இதைத் திறந்துடலாம்."

"பெட்டகத்தோட பாஸ்வேர்ட் எனக்கே தெரியும். என் பேங்க் பாஸ்வேர்டும் அதுலதான இருக்கு. பெட்டகம் எங்க?"

ஸ்டான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இதுக்குள்ளதான்," என்றான், சிமிட்டிக்கொண்டிருந்த திரையைக் காட்டி.

சாவி பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது. மெஷின் அணையாதவரை இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது. அணையாமல் வைத்திருப்பதுதானே இவர்களுடைய பெருமை. இந்தத் தவறைப் பற்றிப் பின்னறையில் எல்லாருக்கும் ஒரு முழு சாயங்காலம் பாடம் எடுத்தவனே ஸ்டான்தான். அன்று வீட்டுக்குப் போய்த் தன்னுடையதைச் சோதித்துப் பார்த்தான். அதுவும் அப்படியேதான் இருந்தது.

பெவ் அழவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ஹாட்டிஷ் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இருக்கேன்" என்றாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஸ்டானிடம் சொன்னாள்: ராண்டியின் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேறு படம் கிடைக்காமல், டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதில் அவன் அபராதம் கட்ட வந்தவன்போல முழித்துக்கொண்டிருந்தான். அந்த முழிப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, அவள் வாழ்ந்த முகத்தை வெளியே தள்ளிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருந்தவன் யாரோ ஒரு மீசைக்காரப் பையன். இத்தனை வருடமும் கேமராவைப் பிடித்தவன் ராண்டி. அதனால் எந்தப் படத்திலும் ராண்டி இல்லை.

ஒன்றைத் தவிர. ஏரிப் பனியின் மேல், மீன்பிடிக் குடிலுக்குள், நீளமான ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தபடி அவன் நின்றான், அவனுடைய போனால் அவள் எடுத்தாள். எந்த வருடம் என்று நினைவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கத்தியது நினைவிருந்தது. "விரல எடு பெவ், விரல எடு!" அந்தப் படம் சர்வருக்குள் இருந்தது.

அதனால் ஜன்னலில் படங்கள் வர ஆரம்பித்ததும், பெவ் தினமும் விடிந்ததும் காப்பிக் கோப்பையோடு நிலவறைக்கு இறங்கினாள். படங்களுக்கு எந்த வரிசையும் இல்லை. ஒருநாள் நாய் கிழடாக வரும், மறுநாள் குட்டியாக வரும். வெயில் ஜன்னலைத் தொட்டதும் உருகி வழிந்துவிடும். கேமராவில் பிடித்தாலும் வெறும் பனிதான் விழும். ராண்டி பார்த்ததையெல்லாம் படம் பிடித்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மெஷின்களின் பின்பக்கம், அடியில் ஒட்டிய லேபிள், எந்த ஒயர் எந்தத் துளையில் போகிறது, கழற்றிய திருகுகள் மேசையில். முதல் குளிர்காலத்தில் பாதி லேபிளிலேயே போனது. முதலில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பாஸ்டர் வந்த அன்று ஒரு பிளக் வந்தது, அவர் மரியாதைக்காகச் சற்று நேரம் நின்றார். காணாமல் போன தன் படகு ஏதாவது படத்தின் ஓரத்தில் தெரிகிறதா என்று ஒருவர் ஒரு வாரம் தொடர்ந்து வந்தார். பிப்ரவரியில் யாரும் வரவில்லை, மீன் நன்றாகப் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

தன் நிலவறை ஜன்னலிலும் அதே காலையில் அதே படம் வருவதை ஸ்டான் பின்னறைக் கூட்டத்தில் சொன்னான். எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் மூலையிலிருந்து ஒருவர், "அப்போ பேக்கப் வேலை செய்யுது" என்றார். கூட்டத்துக்குத் திருப்தியாக இருந்தது. இத்தனை வருடத்தில் தன் நகல் நிஜமாகவே வேலை செய்கிறது என்று அங்கே யாரும் நிரூபித்ததில்லை.

ஸ்டான் சனிக்கிழமைதோறும் வந்து பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிப் பார்த்தான். நாயின் பெயர், படகின் பெயர், முதல் வண்டியின் நம்பர் பிளேட், ஆலை மேனேஜரைப் பற்றி ராண்டி வழக்கமாகச் சொல்லும் கெட்டவார்த்தை. எதற்கும் திறக்கவில்லை. ஒருநாள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டான்.

"குளிர்காலத்துல மட்டும்தான் வருது. இப்படியே ஒண்ணொண்ணா வந்தா, எல்லாம் வந்து முடிய முந்நூறு வருஷம் ஆகும், பெவ்."

"எனக்கு அவசரமில்ல," என்றாள் பெவ்.

பனி நன்றாகப் படிய வேண்டும் என்பதற்காக அவள் ஹீட்டரைக் குழாய் உறையாத அளவுக்கு மட்டும் வைத்தாள். சமையலறையில் மூச்சு புகையாக வந்தது. அவள் வீட்டுக்குள் வெறும் சட்டையோடு நடமாடினாள். குளிரவில்லையா என்று கேட்டால், யோசித்துப் பார்த்து, "தெரியல" என்பாள். பொய் சொல்லவில்லை. அடுப்பில் கை சுட்டபோதும் தோல் கருகிய வாசனை வந்துதான் அவளுக்குத் தெரிந்தது. இப்படி மூன்று குளிர்காலம் போனது. இரண்டு பேர் ஊரைவிட்டுப் போனார்கள், பௌலிங் அரங்கம் கைமாறியது, நாய் பலமுறை வந்தது, ராண்டி வரவில்லை.

நான்காவது குளிர்காலம் பெவ் நிமோனியா வந்து மருத்துவமனையில் படுத்தாள். பாலைவன ஊரான ஃபீனிக்ஸிலிருந்து தங்கை கார்லா விமானம் பிடித்து வந்தாள். அக்காவின் வீட்டுக் குளியலறை ஜன்னல் விளிம்பில் பல் துலக்கும் பிரஷ் கோப்பையோடு உறைந்து ஒட்டியிருப்பதைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, காரியக்காரப் பெண்கள் செய்வதைச் செய்தாள். ஹீட்டரை ஏற்றினாள். ஆளைக் கூப்பிட்டு, காற்றுப் புகும் பழைய ஜன்னல்களையெல்லாம் பெயர்த்து இரட்டைக் கண்ணாடி போட்டாள். நிலவறை ஜன்னலையும் சேர்த்துத்தான். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னாலும் ஃபீனிக்ஸ்காரர்களுக்கு உறைபனி புரியாது.

பெவ் வீடு திரும்பி, நிலவறைக்கு இறங்கி, சுத்தமான காய்ந்த கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி துல்லியமாகத் தெரிந்தது. நடந்ததை ஸ்டான் சொன்னபோது கார்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி பெவ், என்னைத் திட்டேன். ஏதாவது எடுத்து எறியேன். இப்படி நிக்காத."

"நல்ல ஜன்னல்," என்றாள் பெவ். அதில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை, அதுதான் கார்லாவுக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஸ்டான் போன் செய்தான். "இன்னிக்கு ஒரு ஃபேன். மூணு இறக்கை தெரியுது." "சரி." "இன்னிக்கு நீ, கோடைக் கேபின்ல, தூங்கிட்டிருக்க. வாய் திறந்திருக்கு." "சரி." தொலைபேசியை வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புவாள். கார்லா டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு அக்காவோடு தங்கியிருந்தாள்.

ஜனவரியில் ஒரு காலை ஸ்டான் எதையும் விவரிக்கவில்லை. "வா," என்றான். "என் ஜன்னல் கிழக்கு பாத்தது, பெவ். சீக்கிரம் வா."

கார்லாதான் வண்டி ஓட்டினாள். பனியில் ஓட்டத் தெரியாதவள் என்பதால் வழியில் ஒரு தபால்பெட்டி சாய்ந்தது. அவர்கள் போனபோது ஸ்டான் இடுப்பளவு பனியில், ஜன்னலுக்கு வெளியே, தன் மீன்பிடிக் கூடாரத் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான். "உள்ள போ, உள்ள போ," என்று கத்தினான். பெவ் வீட்டுச் செருப்போடு நிலவறைக்கு இறங்கினாள்.

கண்ணாடி நிறைய ராண்டி இருந்தான். மீன் இருந்தது, கட்டம் போட்ட சட்டை இருந்தது, காது மடல்வரை இழுத்துவிட்ட தொப்பி இருந்தது. ஒரு கண் சிரிப்பில் சுருங்கியிருந்தது. வாய் கத்தத் திறந்திருந்தது. மற்றக் கண்ணும் கன்னமும் இருக்க வேண்டிய இடத்தில் உறைபனி இல்லை, வெறும் கண்ணாடி, ஒரு கட்டைவிரல் அளவுக்கு. அது அவளுடைய விரல். லைசென்ஸ் படத்தில் முழித்துக்கொண்டிருந்தவன் அந்த நிமிடமே போய்விட்டதாகப் பிற்பாடு அவள் சொன்னாள்.

அவள் கிட்டே போய், வலது கட்டைவிரலை அந்த வெற்றிடத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. சுற்றியிருந்த பனியில் ஒரு துளிகூடக் கலையவில்லை. அப்படியே நின்றாள். மேலே துணியைப் பிடித்திருந்த ஸ்டானின் மூச்சிரைப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

"சில்லுனு இருக்கு," என்றாள் பெவ்.

கார்லாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?"

"குளிருதுடி. ரொம்பக் குளிருது. உன் கோட்டக் குடு." பல் தந்தியடித்தது. நான்கு குளிர்காலத்துக்கும் சேர்த்து அவள் உடம்பு நடுங்கியது. கார்லா கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெவ் சத்தம்போட்டு அழுதாள். எதிரே ராண்டி வாயைத் திறந்து விரலை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டானின் கை சோர்ந்து, துணி இறங்கி, வெயில் வந்து அவன் முழுதாக வழிந்து போகும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டான் வீட்டு ஜன்னலில் ஏதோ ஒரு மெஷினின் பின்பக்க லேபிள் வந்தது. அவன் வழக்கம்போல போன் செய்து சொன்னான். பெவ் "சரி" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு, போய் ஹீட்டரை இரண்டு டிகிரி கூட்டி வைத்தாள்.