அம்மா கொண்டுவந்த வேர்

கட்டைவிரல் வலிக்கிறது, காலையிலிருந்து வெங்காய வேர்நுனிகளை மைக்ராஸ்கோப்புக்காக இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி நசுக்கி நகக்கண் வரை குத்துகிறது, அம்மாவுக்கும் இதே விரல்தான், மண்டியில் நாளெல்லாம் சின்ன வெங்காயத்துக்கு வேர் அறுத்துவிட்டு வந்து சோற்றை இடதுகையால் பிசைவாள், அப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன், செய்முறை வகுப்புக்கு ஆளுக்கொரு வெங்காயம் வேர்விட வைத்துக் கொண்டுபோக வேண்டும், சன்னலோரம் தம்ளர் தண்ணீரில் என்னுடையது வெள்ளை வெள்ளையாய் வேர் விட்டிருக்கிறது, விடிந்து பார்த்தால் மொட்டை, வேரோட கெடந்தா மண்டிக்காரன் வைவானேடி, கை தன்னால போயிருச்சு என்கிறாள் அம்மா, கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையோடு போனேன், உங்க வீட்ல வெங்காயத்துக்குமா பஞ்சம் என்று மேடம் சிரிக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், வகுப்பு வாசலில் அம்மா, மண்டிக் கழிவில் ஈரம்பட்டு வேர்விட்டுக் கிடந்த வெங்காயத்தைக் கிளறி எடுத்து, முந்தானையை நனைத்துப் பொதிந்து, மூச்சிரைக்க நிற்கிறாள், மற்றவர்கள் கொண்டுவந்தவை அழுகல், மேடம் அம்மாவுடையதை வாங்கி அந்த வேரைத்தான் எல்லாருக்கும் நறுக்கிக் கொடுத்தார், மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன், பார்த்த இடமெல்லாம் செல்கள், சிவப்புச் சாயத்தில் குரோமோசோம்கள் நூல் நூலாய் இரண்டு பக்கமும் விலகிப்போகிற வாக்கில் அப்படியே நிற்கின்றன, இப்படி ஒரு ஸ்லைடு வந்ததே இல்ல, வாங்க சார் என்று மேடம் பக்கத்து அறை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், என்னடி தெரியுது, நானும் ஒருக்கா பாத்துக்கறேனே என்று அம்மா ஒரு காலை உள்ளே வைத்தாள், இது என்ன பொருட்காட்சியாம்மா, செருப்பு மண்ணோட உள்ள வராதீங்க என்றார் மேடம், அம்மா செருப்பே போட்டிருக்கவில்லை, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள், எனக்கு இப்போதும் காது சுடுகிறது.

அதே அறை, அதே மேசை, இப்போது நான் சொல்லிக்கொடுக்கிறேன், மேடம் ஓய்வுபெற்ற அன்று தன்னுடைய சிறந்த ஸ்லைடு என்று அம்மா வந்த நாளின் ஸ்லைடுப் படத்தைத்தான் திரையில் போட்டார், கைதட்டினார்கள், யார் கொண்டுவந்த வேர் என்று வாய் திறக்கவில்லை, வாம்மா, இப்ப உன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், அன்னைக்கே வேணாம்னாங்கல்ல, நீ சோத்தத் தின்னு என்கிறாள், விரலில் எண்ணெய் தேய்த்தபடி, நாளைக்கும் மண்டிக்குப் போக வேண்டும் அவள், வலிக்கிற கட்டைவிரலை மறுபடி கண்ணாடிமேல் ஊன்றி அழுத்துகிறேன், குனிகிறேன், செல் பிளந்தபடி நிற்கிறது, அன்றைய அம்மா வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறாள், இந்த அறை அவளுக்கு ஒரு பார்வை கடன்பட்டிருக்கிறது, இன்னும் தரவில்லை.