கட்டிலிலிருந்து தெரிகிற தோட்டம்

வாசலில் நின்றுகொண்டு தோட்டத்துக்குப் படம் வரைகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே எரிச்சல். பார்க்கப்போகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ப் பார்த்துவிட்டல்லவா செடி வைக்க வேண்டும்? அதனால்தான் பால்துரை அண்ணாச்சியின் வீட்டுக்குத் தோட்டம் போடக் கூப்பிட்டபோது, அவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவருடைய கட்டிலில் நான் ஏறிப் படுத்தேன். அவர் மனைவி தெரசம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அண்ணாச்சி கோவில்பட்டி மில்லில் பிட்டராக இருந்தவர். ஊருக்கு வெளியே கரிசல் மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோதே வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிப் போனது. பிள்ளைகள் இல்லை. இனி அவருக்குக் கட்டிலும் அந்தக் கிழக்கு ஜன்னலும்தான். அதில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது தெரிய வேண்டும் என்பது அக்காவின் ஆசை. இது 2002இல்.

படுத்துப் பார்த்தால் ஜன்னல் கம்பியும் வெளுத்த வானமும்தான் தெரிந்தன. செடியைத் தள்ளி வைத்தால் படுத்திருப்பவர் கண்ணில் படாது. சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு நேர் கீழே, ஆள் உயரத்துக்கு எழும்புகிற செடியாக இருக்க வேண்டும். கறுத்த மண்ணும் வெளிறிய வானமும் உள்ள ஊரில் வெள்ளைப் பூ எடுபடாது. சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை என்று படுத்தபடியே முடிவு செய்தேன்.

கொத்தனார் சிவனாண்டிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏலே முத்துசெல்வம், சுவரச் சுத்தி மூணடிக்கு சிமெண்ட் தளம் போடணும்லே. கரிசல் மண்ணு தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா வெடிக்கும். ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். கோடையில் வெடிப்புக்குள் செருப்பை விட்டுவிட்டு வீட்டில் அடி வாங்கியவன்தான் நானும். ஆனால் என் படம் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

"ஜன்னலுக்குக் கீழ ஆறடி மட்டும் விட்டுருங்க கொத்தனாரே. அதுல என்ன வந்துரப் போகுது."

கல்வாழைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். குளிக்கிற தண்ணீர், துணி அலசுகிற தண்ணீர் எல்லாவற்றையும் குழாய் பதித்து நேராகப் பாத்திக்குத் திருப்பினேன். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று அக்கா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து காட்டினார். நானும் பக்கத்தில் பெருமையாக நின்றேன்.

மூன்றாம் மாதம் பூத்தது. அண்ணாச்சி இடது கையை நீட்டி ஒவ்வொரு பூவாகக் காட்டுவார். நான் கிளம்பும்போதெல்லாம், "இன்னும்... வை" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே கடம்பூர் வேலைக்குப் போகிற நாளில்கூட அந்தப் பக்கமாக சைக்கிளைத் திருப்புவேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எந்தத் தோட்டத்திலும் கிடைத்ததில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சுவர் பிளந்திருந்தது. சுண்டுவிரலை விட்டேன், போயிற்று. அதற்கு நேர் கீழேதான் அண்ணாச்சி தலை வைத்துப் படுப்பார்.

அண்ணாச்சி தூங்குகிற நேரத்தில் என்ஜினியர் காசிராஜன் வந்து சுவரோரம் ஒரு முழம் தோண்டிப் பார்த்தார்.

"இந்த ஆறடி மட்டும் ஈரத்துல ஊதி சுவரத் தூக்குது. மத்த பக்கம் காஞ்சு கெடக்கு. செடியெல்லாம் எடுத்துருங்க. இங்கன ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது. ஐப்பசி மழைக்குள்ள தளம் போட்டாவணும். இல்லேன்னா சுவர் அண்ணாச்சி மேலதான் விழும்."

"தொட்டியில வச்சா?" என்றேன்.

"தொட்டிக்கும் தண்ணிதான ஊத்தணும்?"

தள்ளி வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தவனாயிற்றே. வீட்டில் இன்னொரு அறை இருந்தது. அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

என்ஜினியர் போன பிறகு அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அவியகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன் தம்பி? விடிஞ்சதும் அதத்தான் பாக்காவ. நீயே சொல்லிரு."

இரவெல்லாம் எனக்குக் கோபம். என்ஜினியர் மேல், மண் மேல், சரியாகச் சொன்ன சிவனாண்டி மேல்கூட. என் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? பிளந்த சுவர் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

காலையில் மண்வெட்டியோடு ஜன்னலுக்கு எதிரே போய் நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். புதிதாக ஏதோ நடப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி..." என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா கட்டிலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஓரத்துச் செடியை வெட்டி எடுத்தேன். பழைய செடியை மாற்றுகிறேன் என்று எண்ணினாரோ என்னவோ, அண்ணாச்சி தலையை ஆட்டினார். அடுத்ததையும் எடுத்தேன். இடது கையால் அதற்கடுத்ததைக் காட்டினார். அவர் காட்டக் காட்ட நான் எடுத்துக்கொண்டே போனேன். அவராகவே ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். நிறுத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. கடைசிச் செடியில் இரண்டு சிவப்புப் பூ இருந்தது. கிழங்கோடு பெயர்த்து மற்றவற்றோடு ஓரமாகப் போட்டேன்.

பள்ளங்களை மூடி மண்ணை நிரவினேன். குழாயைப் பிடுங்கிச் சாக்கடைப் பக்கம் திருப்பினேன். கறுப்பாக ஆறடி வெறும் மண் கிடந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் அதுகூடத் தெரியாது. கம்பியும் வானமும்தான் தெரியும்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் விரல்களின் மேல் கையை வைத்து, சிரமப்பட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"முத்து... தண்ணி... விடு. முளைக்கட்டும்."