அந்தியூரில் விட்டு வந்த குதிரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றி அணைத்தே சொல்லலாம். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டதால் கொசுவத்தியை அணைத்துச் சொல்லப்படுகிறது. அவிநாசியப்பருக்கு இரண்டும் நெருப்புதான்.

கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டும் ஈஸ்வரமூர்த்திக்கு ஒரே மகள், லோகப்பிரியா. எட்டு வயதில் அவள் குதிரை கேட்டாள். சைக்கிள் போதாதா என்றதற்கு, "சைக்கிளு நாம கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குமாங்கப்பா?" என்றாள். ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போவது என்று முடிவானது.

பார்த்து வாங்கித் தர, கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து அக்பர் அலி பாய் கூட வந்தார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். நாற்பது வருடத்தில் மண்டபத்திலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளை இரண்டு பேர் உண்டு; அவர் குதிரையிலிருந்து விழுந்த மாப்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது.

சந்தையில் ஆயிரம் குதிரை நின்றது. பாய் நேராக ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையிடம் போனார். பதினாறு வயது, குட்டை, தொந்தி வேறு. பாய் கையிலிருந்த குடையை அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தார். பெட்டை நிழலுக்குள் ஓர் அடி நகர்ந்து நின்றுகொண்டது. பின்னால் தகர டப்பாவைப் போட்டார், காதுகூட அசையவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். நாலாவது காலை அதுவே தூக்கிக் கொடுத்தது. விற்க வந்த வெங்கடபதியை ஏறி ஒரு சுற்று வரச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ராட்டினக்காரரின் ஜெனரேட்டர் டமாரென்று வெடித்தது. சந்தையிலிருந்த மற்ற குதிரைகள் அத்தனையும் பவானி ஆறு வரை ஓடின. பழுப்புப் பெட்டை ஒரு கொட்டாவி விட்டது. பிறகு, கூட்டத்தில் ஒருவர் தொலைத்த செருப்பைக் கவ்வி எடுத்து அவரிடம் நீட்டியது. ஜோடியாகவே.

"தம்பி, புதுசா ஏறுற புள்ளைக்கு அழகு பாக்கக் கூடாதுங்க. வயசான குதிரையா, ஆயிரம் பேரு ஏறி எறங்குனதா இருக்கோணும். ரெண்டுமே புதுசுன்னா ஆரு ஆருக்குங்க தகிரியஞ் சொல்றது?" என்றார் பாய்.

லோகப்பிரியா அதன் கழுத்தில் கை வைத்தாள். அது தலையைத் தாழ்த்தி அவள் ரிப்பனை மோந்தது.

"அப்பா, கூப்புடாமயே பாக்குதுங்கப்பா!"

ஈஸ்வரமூர்த்தி பின்பக்கம் போய் முதுகில் சுழி பார்த்தார். அவர் அப்பா காங்கேயம் காளை வாங்கியதெல்லாம் சுழி பார்த்துத்தான். பெட்டையின் முதுகுத்தண்டில் முடி வால் பக்கமாக இறங்கிக் கிடந்தது.

"பாய், எறங்குபூரானுங்க. கட்டுன ஊடு எறங்கிப் போயிருமுங்க."

"அது மாட்டுக்குங்க தம்பி."

"இதுக்கும் நாலு காலுதானுங்களே?"

"கட்டிலுக்குங்கூட நாலு காலுதானுங்க. சுழி பாத்தா படுக்கறீங்க?"

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. பங்காளிகள் வந்து முதலில் முதுகைத்தானே பார்ப்பார்கள்? பவானிக்கு ஓடிய குதிரைகளில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது எதுவோ, அதை வாங்கினார். மூன்று வயது வெள்ளைக் குதிரை, ஏறுபூரான் சுழி, முடி பிடரியைப் பார்த்து ஏறியிருந்தது. பாய் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். லோகப்பிரியா காரின் பின் கண்ணாடியில் முகத்தை வைத்து, அந்தியூர் மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் ஆரத்தி எடுத்த மனைவி சாந்தாமணியைப் பார்த்தே வெள்ளைக் குதிரை எதிர்வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டியது.

"ஏனுங்க, இதும்மேலயா என்ற புள்ளைய ஏத்தப் போறீங்க?"

"சுழி நல்ல சுழி, சாந்தா."

"புள்ள உழுந்தா சுழி வந்து புடிக்குங்களா?"

மறுநாள் மகளை ஏற்றினார். பக்கத்துச் செட்டில் பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. குதிரையும் ஆரம்பித்தது. அவிநாசி ரோட்டில் மூன்று பஸ்ஸை முந்தி, நாம் ஒன்றரை மணி நேரம் போகிற தூரத்தைப் பதினோரு நிமிடத்தில் கடந்து, துடியலூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நின்றது. லோகப்பிரியா நல்லவேளையாக முதல் வளைவிலேயே ஒரு பஞ்சு லாரியின் மேல் விழுந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. டிரைவரே அவளைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஈஸ்வரமூர்த்தி எதையாவது சொல்லித் தேற்றியிருப்பார்.

"வேற குதிர பாக்கலாங் கண்ணு. அந்தப் பழுப்பையே வாங்கீரலாம்."

"வேண்டாங்கப்பா. நீங்க வேலையப் பாருங்க."

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் வாயில் குதிரை என்ற சொல் வரவில்லை.

அடுத்த ஆடியில் அவர் தனியாக அந்தியூர் போய் வெங்கடபதியைத் தேடிப் பிடித்தார். பெட்டை சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டிருந்தது. வெங்கடபதி போனில் படம் காட்டினார். மூன்று குழந்தைகள் அதன் முதுகில் வரிசையாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை படம் எடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்குனவரு ஊடு எப்படிங்க இருக்குது?"

"மேல ஒரு மாடி எடுத்துட்டாருங்க."



லோகப்பிரியா இப்போது காலேஜ் விடுதியில் இருக்கிறாள். லீவுக்கு வந்தால் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அப்பா இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். ஈஸ்வரமூர்த்தி டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "புள்ளைக்குக் குதிர வாங்குனா சுழியப் பாக்காதீங்க, வயசப் பாருங்க, கொணத்தப் பாருங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பார்.

கொசுவத்தியை அணைத்துச் சொன்னது இதுவரைதான்; கற்பூரத்தை அணைத்துச் சொல்வதானால், லோகப்பிரியா மூன்று ஆடி குதிரை கேட்டாள். மூன்று ஆடியும் ஆர்டர் அவசரம் என்று தறிச் செட்டிலேயே இருந்துவிட்ட ஈஸ்வரமூர்த்தி, அந்தியூருக்கு இன்றுவரை போனதில்லை.