ஆரஞ்சு உருளும் பக்கம்

உலகத்தில் எந்த வீட்டுத் தரையும் சமமாக இல்லை. ஆணும் பெண்ணும் குடித்தனம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, அதிக பாரம் சுமப்பவர் பக்கம் தரை தாழ்ந்துவிடும். பெரும்பாலும் அது பெண்ணின் பக்கம்தான். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தூங்கினார்கள். எந்த நாடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒப்பிட ஓர் அலுவலகம் வந்தது. அதன் ஆட்கள் நாடு நாடாகப் போய், வீடுகளில் ஆரஞ்சுப் பழத்தை உருட்டிச் சாய்வை அளந்து, சாய்வு குறைந்த நாடு முதலில் வரும்படி வருஷா வருஷம் பட்டியல் போட்டார்கள்.

அவர்கள் முன்னறையில்தான் அளந்தார்கள். நாற்காலி அங்கேதான் கிடந்தது. ஆட்கள் வந்திருக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து டம்ளர்களை எடுத்து வைப்பார். தரை சற்று நிமிரும். எங்கள் நாடு முதலிடத்தில் இருந்தது இப்படித்தான். அலுவலகத்தில் சேர்ந்த முதல் பெண் பொறியாளர், முன்னறிவிப்பில்லாமல் போய்ச் சமையலறையில் அளக்க வேண்டும் என்றார். இயக்குநருக்குக் கோபம் வந்தது.

"நம்ம மானத்தைக் கப்பலேத்தவாம்மா சம்பளம் வாங்கறீங்க? முதல்ல உங்க வீட்டை அளந்து ஊரறியப் போடுங்க. அப்புறம் அடுத்தவங்க அடுப்படிக்குப் போகலாம். முடியாதுன்னா பழைய முறைதான்."

பொறியாளரின் கணவர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். தங்கமான மனுஷன் என்று தெருவில் பேரெடுத்தவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"நம்ம வீட்ல ஏது சாய்வு? காலையில காபி நான்தானே போடறேன்?"

"அந்தப் பாத்திரத்தைத் தேய்க்கிறது யாரு?"

"அதெல்லாம் காபியில சேருமா?"

"உருட்டுங்க. சேருதான்னு பாப்போம்."

சமையலறைத் தரையில் வாத்தியாரே உருட்டினார். பழம் அவர் காலைச் சுற்றிக்கொண்டு, யாரையும் வழி கேட்காமல், பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் நின்ற மனைவியின் கால்விரலில் போய் முட்டியது. எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தார். சற்று ஏறி, திரும்பி அவளிடமே வந்தது. பொறியாளர் பேனாவைத் திறக்காமல் நின்றார்.

"தெருவே சிரிக்கும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

வாத்தியார் பழத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். "எழுது. தசமப் புள்ளிக்கு அப்புறம் இருக்கறதையும் விட்டுடாத."

அந்த அளவு ஊரறிய வெளியானது. இயக்குநர் நீண்ட விடுப்பில் போனார். கொஞ்ச காலம் யாராரோ கேலியாக வாத்தியார் வீட்டு வாசலில் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் உரித்துத் தின்றார். அளப்பவர் வீட்டு அவலமே வெளியில் வந்துவிட்டதால், மற்றவர்களும் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார்கள்; பட்டியலில் எங்கள் நாடு அடியில் போய் உட்கார்ந்தது. வாத்தியார் பாத்திரம் தேய்க்கவும், பக்கத்துத் தெருவில் இருந்த மாமியாருக்கு மருந்து கொடுக்கவும், கேட்காமலே துணி மடிக்கவும் கற்றுக்கொண்டார். தரை நகக்கண் அளவு, நகக்கண் அளவாக எழுந்தது. முழுதாக எழுவதற்குள், ஒரு மழைக்காலத்தில், பொறியாளர் இறந்துபோனார்.

மறுநாள் காலை வீடு பலகைபோல் நேராக இருந்தது.

அடுத்த முறை அளக்க வந்த பெண்கள் பழத்தை வைத்தார்கள். அது அசையவில்லை.

"ஐயா, இப்படி ஒரு வீட்டை நாங்க பார்த்ததே இல்ல. நம்ம நாட்டுக் கணக்குல உங்க வீட்டைத்தான் முதல்ல போடப்போறோம்!"

"வேண்டாம்மா," என்றார் வாத்தியார். "இங்க நான் ஒருத்தன்தான். எது எந்தப் பக்கம் சாயும்? அவ இருந்தா இதைக் கணக்குல சேர்க்க விடமாட்டா."

அவர்கள் கணக்கிலிருந்து அந்த வீட்டை அடித்துவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் போனார்கள்.