கத்தரிக்கோலில் ஒட்டியது

துரையின் சிவப்புக் கார் மாதா கெபிக்கு மேலே இருக்கிற வளைவில் ஏறும்போது, அதன் வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல 'டொக் டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. பங்களாச் சமையலறையில் நின்றுகொண்டு அதை முதலில் கேட்டவள் நான். கேட்டதும் எனக்கு வந்த யோசனை, இந்த மனுஷன் என்ன செய்து தொலைத்தாரோ என்பதுதான். மனுஷன் என்றால் என் புருஷன் அந்தனி, துரையின் டிரைவர். கட்டின புருஷனை இப்படியா சந்தேகப்படுவது என்று கேட்கலாம். வேறு யாரைச் சந்தேகப்படுவது? அந்தக் காரில் கை வைக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், மற்றவர் துரை. துரையைச் சந்தேகப்பட எந்தத் தோட்டத்திலும் ஆள் கிடையாது.

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. கரவனெல்லையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கையில் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் வேலை போச்சு, வேலையோடு கொடுத்த வீடும் போச்சு. மூட்டை முடிச்சோடு ரயிலேறி மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நாங்கள் எங்கே கப்பலேறுவது? அவரும் நானும் பிறந்ததே இந்த மலையில்தான். கராஜுக்குப் பின்னால் இருந்த ஓர் அறைதான் எங்கள் உலகம். நான் பங்களாவில் ஆயா, துரையின் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒருவர் வேலை போனாலும் அந்த அறை போய்விடும்.

அந்தக் காரும் லேசுப்பட்டது இல்லை. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மூக்கு மட்டும் முழ நீளம். சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையிடம் வாங்கியது. நடந்து போகிற ஆள் மேல் சேறடிக்கவே செய்த வண்டி என்று நான் சொல்வேன். துரை தன் பிள்ளையைத் தூக்கியதைவிட அந்தப் பொனட்டைத் தடவியது அதிகம். ஓட்டுவதும் பெரும்பாலும் அவரேதான்; டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, வண்டியைக் கழுவித் துடைத்துப் பராமரிக்க வேண்டும்.

விலை விழுந்ததிலிருந்து துரைக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. உலகம் ரப்பரை இன்னும் நிறைய உபயோகித்தால் விலை ஏறிவிடுமாம். அந்த உபயோகத்தை அவர் தன் வீட்டிலேயே ஆரம்பித்தார். கதவுக்கு ரப்பர் முட்டு, நாற்காலிக் காலுக்கு ரப்பர் செருப்பு, நாய்க்கு ரப்பர் பாய், அவித்த முட்டை உருளாமலிருக்க அதற்கும் ஒரு ரப்பர் வளையம். ரப்பர் காயப்போடுகிற புகையறையிலிருந்து ஷீட் ஷீட்டாகப் பங்களாவுக்கு வந்தது. வீடு முழுக்கப் புளித்த வாடை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரே வெட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து பார்க்கிறேன், பேப்பரில் ஓட்டை ஓட்டையாக என்னவோ வரைந்து ஷீட்டின் மேல் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார். வெட்டுவது என் கத்தரிக்கோலால்! பேபிக்குச் சட்டை தைக்க அவிசாவளைக் கடையில் நானே பார்த்துப் பார்த்து வாங்கியது. திரும்பி வரும்போது இரண்டு அலகிலும் பழுப்பாய் ரப்பர் அப்பிக்கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சமையலறையில் நின்று நான் திட்டிய திட்டு கரவனெல்லை வரைக்கும் கேட்டிருக்கும். துரைக்கு மட்டும் கேட்டிருக்காது.

அதற்கப்புறம்தான் காரில் சத்தம். யாரோ வேண்டுமென்றே எஞ்சினைக் கெடுத்துவிட்டார்கள் என்று துரைசானி சொன்னாள். துரை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. விசாரிக்கச் சொல்லிப் பெரிய கிளாக்கரிடம் விட்டுவிட்டார். கிளாக்கர் இராஜசிங்கம் யாழ்ப்பாணத்து ஆள். காலையில் திருநீறு பூசும்போதே இன்றைக்கு யாரைச் சந்தேகப்படலாம் என்று யோசிக்கிற மனுஷர். சமையற்காரனைக் கேட்டார், தோட்டக்காரனைக் கேட்டார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"ரோசலின், உன்ரை மனுசன் விடியக் காலமை எண்ணெய் ரின்னோடை எங்கை போறவன்?"

"எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்? கராஜுக்குப் போவாரு, டிரைவர் வேற எங்க போவாரு?"

"நல்ல எண்ணெயை வித்துப்போட்டுப் பழசை ஊத்துறான் எண்டு கதைக்கினம். நீ கேட்டுப் பார். உள்ளதைச் சொன்னால் துரையிட்டை நான் கதைப்பன்."

"எம் புருஷன் கள்ளன் இல்லீங்க" என்றேன் சுள்ளென்று. சொன்னேனே தவிர, எனக்கே அது உறுதியில்லை. ஏனென்றால் எண்ணெய்த் தகரத்தை நானும் பார்த்திருந்தேன்.

விறகுக் கட்டுக்குப் பின்னால் என் புருஷன் சாக்கால் மூடி வைத்திருந்தார். திறந்தால் கறுப்பு எண்ணெய். அதற்குள் புளிக்கரைசலில் கிடக்கிற கோதுபோல நார் நாராக என்னவோ. நல்ல எண்ணெயை எடுத்து விற்றுவிட்டு இந்தக் கழிசடையை ஊற்றுகிறாரா? அன்றைக்குச் சோறு போடும்போது கேட்டேவிட்டேன்.

"வெறகுக்குப் பின்னால என்னங்க தகரம்?"

சோற்றில் வைத்த கை நின்றது. "ஒனக்கு எதுக்கு அது?"

"கிளாக்கரய்யா கேக்குறாரு. நான் என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. ஒன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாலே போதும்."

பாதிச் சோற்றில் எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்தில் மிச்சச் சோற்றை நாய்க்குக் கொட்டினேன். கோபத்துக்கு அடியில் பயம். திருடியிருக்கிறார் என்றே அப்போது நம்பினேன்.

அவிசாவளையிலிருந்து முஹ்ஸின் பாஸை வரவழைத்தார்கள். பஸ், லொறி எல்லாம் பழுது பார்க்கிறவர். வந்ததும் அந்தனியின் தோளில் தட்டி, "என்ன மச்சான்?" என்றார். கிளாக்கரின் புருவம் ஏறியது. என் புருவமும் ஏறியது. ஓகோ, எண்ணெய் வாங்குகிற ஆள் இவர்தானா?

பங்களா வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார்கள். துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளாக்கர் காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றார். நான் பேபியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். முஹ்ஸின் பாஸ் ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மரப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டார். தொடும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறியது.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டார் கிளாக்கர்.

"ஒவ்வொருத்தன்ட வாயா பொத்திப் பாக்கிறன். எவன்ட வாயப் பொத்தினா சத்தம் கொறயிதோ, நோவு அவனுக்குத்தான்."

முதலாவதைப் பொத்தினார், டொக் டொக். இரண்டாவதைப் பொத்தினார், டொக் டொக். மூன்றாவதைப் பொத்தியதும் சத்தம் அடங்கிப்போனது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது. நான் அந்தனியைப் பார்த்தேன். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளி நிற்கிற மாதிரியே நின்றார்.

"மூணாவது பெரிங் தின்னுட்டிச்சு, துரை. கீழ கெடக்கிற எண்ண மேல போகல்ல. ஏன் போகல்லன்னு தொறந்துதான் பாக்கணும்."

எஞ்சின் ஆறியதும் முஹ்ஸின் பாஸ் காருக்கு அடியில் படுத்து, எண்ணெய் நிற்கிற தொட்டியைக் கழற்றி இறக்கினார். எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடை முழுக்கப் பழுப்பாய், பிசுபிசுவென்று, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி ஒரு கட்டி. விரலால் இழுத்தார், நீண்டுகொண்டே வந்தது. தகரத்துக்குள் பார்த்த அதே நார்! முகர்ந்து பார்த்துவிட்டு, "ரப்பர்" என்றார்.

"பார்த்தியளோ! ஆரோ வேணுமெண்டு போட்டிருக்கிறாங்கள்" என்றார் கிளாக்கர்.

"போட்டதில்ல ஐயா. இந்தா பாருங்க." தொட்டியின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி ஒரு பட்டையை உரித்தெடுத்தார். கரையாமல் மிச்சமிருந்த துண்டு. வரிசையாக ஓட்டைகள். "தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கார்க்ல போடுற பெக்கிங்க ரப்பர்ல வெட்டிப் போட்டிருக்கு. சுடு எண்ணயில ரப்பர் நிக்குமா? கரஞ்சி சல்லடய அடச்சிட்டிச்சு. யாரு வெட்டினதோ, ஆணி ஓட்டயெல்லாம் சரியா அளந்து வெட்டியிருக்கு."

அந்த ஓட்டைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை, பேப்பரில் வரைந்திருந்த ஓட்டைகள், என் கத்தரிக்கோல். துரையைப் பார்த்தேன். அவர் பைப்பை வாயில் வைத்திருந்தார். அதில் நெருப்பில்லை. 'நான்தான்' என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை.

கிளாக்கர் அந்தனியிடம் திரும்பினார். "காரிலை கை வைக்கிறது நீ. நீதானே வெட்டிப் போட்டனீ?"

அந்தனி துரையை ஒரு தரம் பார்த்தார். துரை நாயைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் என் புருஷன்.

"சேர், பற்றுச்சீட்டு எழுதட்டோ?"

துரை, "ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஆயா, டீ கொண்டா" என்றார்.

பேபியை இறக்கிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் கேத்தலை டங்கென்று வைத்தேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். வெளியே போய்க் கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். துரையைப் பொய்யன் என்று சொன்ன ஆயாவை அன்றைக்கே புருஷனோடு சேர்த்துத் துரத்துவார்கள், கிளாக்கர் சாட்சிக் கையெழுத்தும் போடுவார். வாயால் சொல்லித் தப்பிய ஆள் இந்தத் தோட்டத்தில் கிடையாது. டீப்பொட்டை வைத்தேன், கோப்பை வைத்தேன், பால், சீனி வைத்தேன். சீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தேன். பாதி திறந்தபடி, அலகு இரண்டிலும் பழுப்பாய் ஒட்டிக்கிடந்த ரப்பரோடு.

தட்டைத் துரைக்கு முன்னால் வைத்து, "டீங்க துரை" என்றேன். 

சீனிக்குப் போன கை நின்றது. துரை கத்தரிக்கோலை எடுத்தார். மூடப் பார்த்தார், ஒட்டிக்கொண்டது. இழுத்துத் திறந்தார், அலகுக்கு நடுவே ஒரு பழுப்பு நூல் நீண்டது. முஹ்ஸின் பாஸின் கையில் இருந்த பட்டையை ஒரு தரம் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. முஹ்ஸின் பாஸ் இருமிக்கொண்டு தன் சாமான் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கிளாக்கருக்கும் புரிந்துவிட்டது, அவருடைய பேனா காகிதத்தில் தொட்டபடியே நின்றது.

துரை இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். கிளாக்கர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அந்தனி," என்றார் துரை, "கொழும்புலேருந்து கார்க் வரும். நீ போடு."

"சரிங்க துரை."

துரை டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார். கத்தரிக்கோலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

சாயந்தரம் அறைக்கு வந்ததும் என் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, துரைதான் வெட்டிப் போட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"ஸ்பேனர் புடிச்சதே நான்தானே. எண்ணெயில ரப்பர் நிக்காதுங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. அதுக்கப்புறம் தெனம் விடியக்காலையில எண்ணெய எறக்கிப் புதுசு ஊத்திப் பாத்தேன், நார் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. முஹ்ஸின் பாஸ்தான் எண்ணெ குடுத்தாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நான் ஒங்களக் கள்ளன்னு நெனச்சுப்புட்டேனே!" சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒன் வாய்க்குப் பயந்துதான் சொல்லல. நேரா துரைகிட்டப் போயிருவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா வாயத் தொறக்காமலே சொல்லிப்புட்ட."

"நீங்க வாயத் தொறந்து என்னத்தக் கிழிச்சீங்க? 'நான்தாங்க'ன்னு!"

அவர் சிரித்தார். நானும் அழுதபடியே சிரித்தேன். அந்தச் சிரிப்பு விடியும் வரைக்கும்தான் இருந்தது. காலையில் துரைசானி கூப்பிட்டு, பேபி வளர்ந்துவிட்டாள், இனி ஆயா தேவையில்லை என்றாள். பேபிக்கு இன்னும் விழாமல் நடக்கத் தெரியாது. என் பெயரை ரப்பர் மரம் சீவுகிற பால்வெட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

இப்போது நான் கெபிக்கு மேலே உள்ள மலையில் பால் வெட்டுகிறேன். பங்களாத் தரையில் நடந்து பழகிய கால் அட்டைக்கடியில் வீங்கிக்கிடக்கிறது. பரவாயில்லை, அறை எங்களிடம்தான் இருக்கிறது, டிரைவர் வேலையும் அவரிடம்தான் இருக்கிறது. தினமும் சிவப்புக் கார் கீழே வளைவில் ஏறும்போது கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன். புது பெரிங், கார்க் பெக்கிங், சத்தமே இல்லாமல் போகிறது. ஓட்டுகிற துரை மேலே பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற என் மனுஷன் பார்ப்பார்.

ஆனாலும் எனக்கு யார் மேலும் நம்பிக்கையில்லை. நாளைக்கு அந்த எஞ்சினில் வேறொரு சத்தம் வந்தால் யாரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோல் திரும்பி வரவில்லை. அந்த எண்ணெய்த் தகரத்தைக் கொட்டிவிடச் சொல்லி அவர் தினமும் சொல்கிறார். தட்டில் வைக்க என்னிடம் மிச்சமிருக்கிறது அது ஒன்றுதான்; நான் கொட்டவில்லை. விறகுக் கட்டுக்குப் பின்னால், சாக்கால் மூடி அப்படியே வைத்திருக்கிறேன்.